மாதா பாதத்தில் வைத்த இரண்டு சீட்டுகள்

மே மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. வீட்டில் மூன்றே பேர். நான், என் மனைவி லூர்து, மகள் ஷைனி. மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டோம். ஷைனி பிளஸ் டூ முடித்திருந்தாள். கம்ப்யூட்டர் அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்றாள். நான் முடியாது என்றேன். சண்டை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் அதற்குள் என் மகளையே நான் இழந்துவிடப் பார்த்தேன். ஆண்டவர் எங்களை அதிலிருந்து எப்படிக் காப்பாற்றினார் என்பதை நம் கோயில் பங்கு மக்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். என் பெயர் பிலவேந்திரன். திரேஸ்புரத்துக்காரன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில், கதவுப் பூட்டில் மாட்டிய எண் போட்ட சீலைச் சரிபார்க்கிற வேலை. இந்தச் சாட்சியில் என்னைப் பற்றி நல்லதாக அதிகம் வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. என் அண்ணன் மகன் டெரன்ஸ் சில வருடங்களுக்கு முன் வெளியூர் போய் இதே அனிமேஷன் படித்தான். வாசலில் கண்ணாடிக் கதவு, பெரிய போர்டு. உள்ளே இரண்டே அறை. மாதத்துக்கு ஒரு வாத்தியார் மாறினார். கடைசியில் வாத்தியாரே இல்லை. ஏதோ ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு, இதைப் பார்த்து அப்படியே செய் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். ஒருநாள் காலையில் போனால் கண்ணாடிக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. இவனுடைய மார்க் ஷீட் எல்லாம் உள்ளே. அதைத் திரும்ப வாங்குவதற்குள் பையன் பாதியாகிவிட்டான். இப்போது இழுவைக் கப்பலில் கயிறு பிடிக்கிறான். அது நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான். ஷைனி அனிமேஷன் என்று சொன்னபோதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டுதான் கண்ணில் தெரிந்தது.

இந்தப் பயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பன் பயப்படுகிறான் என்று பிள்ளைக்குத் தெரியலாமா? அதனால் வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"பொம்மை படம் போட்டா கஞ்சி குடிக்கலாமாளா?" என்றேன்.

அவள் உள்ளே போனாள். ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆறு இடங்களின் பெயர்களை எழுதி, ஐந்தை அடித்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தாள். ஓரிடத்தில் போன வருடம் படித்தவர்கள் செய்ததைக் காட்டுங்கள் என்றால் காட்டவில்லை. இன்னோரிடத்தில் வரையவே தெரிய வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஆறு மாதத்தில் வேலை என்று சொன்ன இடத்தைச் சிவப்பு மையால் இரண்டு தடவை அடித்திருந்தாள். மிஞ்சியது சென்னையில் ஒரு கல்லூரி. மூன்று வருடப் படிப்பு. நாம் வரைந்ததை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள்.

"நீ வரைஞ்சதக் காட்டுன்னு கேக்குத எடம்தான்ப்பா நல்ல எடம்," என்றாள்.

நான் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். துறைமுகச் சாலையில் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ ஒன்று இருக்கிறது, எங்கள் மேனேஜருக்குத் தெரிந்த இடம், முடித்தவுடன் இங்கேயே வேலை, கண் முன்னால் இருப்பாய் என்றேன். இரண்டு இடத்துக்கும் கடைசி நாள் ஒன்றாகவே வந்து அமைந்தது. ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை. சென்னைக்கு அவள் வரைந்ததை இணையத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும். லாஜிஸ்டிக்ஸில் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

லூர்துதான் ஒரு வழி சொன்னாள். எங்கள் தெருவில் வாராவாரம் ஒரு வீட்டில் அன்பியம் கூடும். இருபது வீட்டுச் சனமும் வந்து ஜெபமாலை சொல்வோம். அன்றைக்கு மாதா சுரூபத்தை அந்த வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். அந்தப் புதன்கிழமைக்கு முந்தின ஞாயிறு எங்கள் முறை.

"ஒரு மாசமா அப்பனும் மகளும் எலியும் பூனையுமா கெடக்கீங்க. ஞாயித்துக்கெழம மாதா நம்ம வீட்டுக்கு வாரா. திருவுளச் சீட்டுப் போட்டுருவோம். எது வருதோ அதுதான். அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது," என்றாள்.

உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். இரண்டு தாளில் இரண்டையும் எழுதி, ஒன்றுபோலச் சுருட்டி, மாதா பாதத்தில் வைத்து ஜெபித்துவிட்டு ஒன்றை எடுப்பது. வந்ததைக் கடவுள் சித்தமாக ஏற்றுக்கொண்டு, மற்றதைப் பிரிக்காமல் கொளுத்திவிடுவது. வீடு வாங்குவதற்கு, படகுக்குப் பெயர் வைப்பதற்கு எல்லாம் நாம் இதைச் செய்கிறவர்கள்தான்.

ஷைனி கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரிம்மா. ஆண்டவர் சொன்னா நான் கேக்கேன்," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்களும் கேப்பீங்கல்லா?"

"கேக்காம என்ன," என்றேன்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. ஞாயிறு சாயங்காலம் வெளியே எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளறையில் உட்கார்ந்து ஒரு தாளில் லாஜிஸ்டிக்ஸ் என்று எழுதினேன். இன்னொன்றில் அனிமேஷன் என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். திரும்பவும் அந்தப் பூட்டு. அனிமேஷன் என்று எழுதிய தாளைச் சுக்குநூறாகக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டேன். புதிதாக ஒரு தாள் எடுத்து அதிலும் லாஜிஸ்டிக்ஸ் என்று எழுதினேன். இரண்டையும் சுருட்டினேன். மாதா பாதத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

யார் தூண்டுதலும் இல்லை. புத்தி சுவாதீனத்தோடுதான் செய்தேன். பிள்ளையின் நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஷைனி முழங்காலில் நின்று கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்துப் படித்தாள். அவள் முகத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அழவில்லை. சீட்டுக்கு முத்தம் கொடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "லாஜிஸ்டிக்ஸ்," என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். லூர்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மாதா நம் வீட்டில் பேசிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

"மத்தத மெழுகுதிரியில காட்டிருங்க அண்ணாச்சி," என்றார் அன்பியத் தலைவி ரோஸ்லின் டீச்சர்.

அங்கேதான் எனக்கு வியர்த்தது. தாளில் தீ பட்டால் சுருள் விரியும். விரிந்தால் எழுத்து தெரியும். மெழுகுதிரியைச் சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். "அடுக்களையில கொண்டு போட்டுருதேன் டீச்சர்," என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்தேன். அதற்குள் சுண்டலும் தேநீரும் வந்தன. ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அந்தக் களேபரத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சீட்டைச் சுத்தமாக மறந்துபோனேன்.

மறுநாள் யார்டில் ஒரு கண்டெய்னரின் சீல் எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. மத்தியானம் சாப்பாட்டுச் சாக்கில் வீட்டுக்கு ஓடினேன். சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பையில் கை விட்டேன். ஒன்றும் இல்லை.

"என்னத்தத் தேடுதீங்க?" என்றாள் லூர்து.

"பேனா."

சட்டையை யார் துவைத்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் எதற்கு என்று கேட்பாள். லூர்து எப்போதும்போலத்தான் இருந்தாள். ஷைனி எனக்குச் சோறு போட்டாள். தன் பென்சில், வண்ணம், தாள் எல்லாவற்றையும் காலையில் எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இனி எதற்கு, என்றாள். ரசம் ஊற்றும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, அந்த இன்னொரு சீட்ட எரிச்சிட்டீங்களா?"

"எரிச்சாச்சு."

"சரிப்பா," என்றாள். அப்பளம் எடுக்கப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் மண்டையைக் குடைந்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தால் ஏன் கேட்க வேண்டும்? தெரியாவிட்டால் ஏன் கேட்க வேண்டும்? ராத்திரி படுக்கும்போது ஒரு ஜெபம் செய்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்தச் சீட்டு வாளித் தண்ணீரில் கரைந்து போயிருக்கட்டும் தாயே என்றுதான் கேட்டேன். மாதாவை ஏமாற்றிவிட்டு, அதை மறைக்கவும் மாதாவிடமே உதவி கேட்டவன் நான்.

செவ்வாய்க்கிழமை ஒரு லாரியை நிறுத்தினேன். கண்டெய்னரின் சீல் எண் தாளில் உள்ள எண்ணோடு பொருந்தியது. ஆனால் சீலின் பூட்டு வாயில் புதுக் கீறல். அறுத்துவிட்டு அதே எண்ணில் வேறு மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகம். டிரைவர் மதுரைப் பக்கத்து ஆள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று கெஞ்சினார்.

"நம்பர் சரியாத்தான அண்ணே இருக்கு?" என்றார்.

"நம்பர் சரியா இருந்தாப் போதுமா? நம்பித்தான உம்ம கையில குடுத்து விட்டாங்க?" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கும்தான் என்று பட்டது. பக்கத்தில் நின்ற பையனிடம் தாளைக் கொடுத்துவிட்டு யார்டின் பின்பக்கம் போய் நின்றேன். அந்த வெயிலில், இரண்டு கண்டெய்னர்களுக்கு நடுவில், என்னை அறியாமல் அழுதேன். அங்கேதான் உண்மையான ஜெபம் வந்தது. ஆண்டவரே, அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இருபது வீட்டு முன்னால் மானம் போகும். என் மகள் இனி என்னை நம்ப மாட்டாள். என்னால் வாயைத் திறக்க முடியாது, நீரே திறந்துவிடும் என்று கேட்டேன்.

வீட்டுக்குப் போனேன். வாய் திறக்கவில்லை. புதன்கிழமை காலை எழுந்தேன். அப்போதும் திறக்கவில்லை. ஆண்டவர் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஷைனியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு லாஜிஸ்டிக்ஸில் சேர்க்கக் கிளம்பினேன். துறைமுகச் சாலையில் ஒரு நிலக்கரி லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் எங்கள் பைக். எங்களுக்குப் பின்னால் இன்னும் இருபது லாரி. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. மூச்சு முட்டுகிற வெக்கை. எங்களுக்கு இடது பக்கம் உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூட்டையை முதுகில் வாங்கி, ஒரு கணம் தள்ளாடி, பிறகு நடந்தார். நான் மணியைப் பார்த்தேன். மூன்றாகப் போகிறது.

அப்போது என் முதுகில் ஏதோ ஊர்வது போலிருந்தது. ஷைனியின் விரல். அவள் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே என் சட்டையின் மேல் வரைந்துகொண்டிருந்தாள். வளைந்த முதுகு ஒரு கோடு. அதன் மேல் மூட்டை. மடங்கிய முழங்கால். வரைகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பென்சிலைத் தானம் கொடுத்துவிட்டாள், விரலை என்ன செய்வாள்? ஒவ்வொரு கோடும் என் முதுகில் எனக்குத் தெரிந்தது.

என் வாய் திறந்துகொண்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னேன்.

"ஏளா ஷைனி, நான் ரெண்டு சீட்டுலயும் ஒண்ணுதான் எழுதுனேன்."

விரல் நின்றது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. பிறகு சொன்னாள்.

"தெரியும்ப்பா."

ஞாயிறு இரவே சட்டையை ஊறப்போட எடுத்தவள் அவள்தான். சீட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"தெரிஞ்சுமா இங்கன கையெழுத்துப் போட வந்த?" என்றேன்.

"நான் மூணு நாளா படிப்புக்கு ஜெபிக்கலப்பா. அப்பாவே எங்கிட்டச் சொல்லணும், நானாக் கேக்கப்படாதுன்னு ஜெபிச்சேன். நேத்து ஒரு தடவ தாங்காம கேட்டுட்டேன். இல்ல, முந்தாநேத்து. எரிச்சாச்சுன்னு சொன்னீங்க."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனா அதுக்கப்புறம் உங்ககிட்ட எதையும் கேட்டிருக்க மாட்டேன்ப்பா. ஆண்டவர் பேரச் சொல்லி யாரு எதச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்."

அந்த இடத்தில்தான் நான் செய்ததன் அளவு எனக்குப் புரிந்தது. நான் ஒரு படிப்பைத் தடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் விசுவாசத்தையே பிடுங்கிப் போடப் பார்த்திருக்கிறேன். டெரன்ஸைப் பற்றி, பூட்டைப் பற்றி, என் பயத்தைப் பற்றி எல்லாம் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். பைக்கில் உட்கார்ந்தபடி, முகத்தைக் காட்டாமல். கேட்டுவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாப்பா," என்று மட்டும் சொன்னாள்.

"மணி மூணே கால். அஞ்சு மணிக்குள்ள அனுப்பிற முடியுமா?" என்றேன்.

முடியும் என்றாள்; வரைந்ததெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது, அதை மட்டும் அழிக்க அவளுக்கு மனம் வரவில்லையாம். பைக்கை நடைபாதை மேல் ஏற்றி, உப்புக் கிட்டங்கி வாசலுக்குள் நுழைந்து, பின் சந்து வழியாக எப்படி வந்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. வீட்டுக்கு வரும்போது மணி நாலேகால். இணையம் இழுத்துக்கொண்டு கிடந்தது. அவள் படங்கள் ஏறிவிட்டன. ஐஸ் பெட்டி சுமந்து நடக்கிற ஒருவரைப் பற்றி அவள் செய்த அரை நிமிட அசையும் படம் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. என் போனிலிருந்து நெட் கொடுத்தோம். திரும்ப முதலிலிருந்து.

அப்போது லூர்து வெளியிலிருந்து வந்தாள். சேர்ந்தாச்சா என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"மாதா பாதத்துல வச்சா ஏமாத்துனீங்க?" என்றாள்.

ஆமா என்றேன். மணி நாலு நாற்பத்தைந்து. திரையில் கோடு நகரவில்லை. ஷைனி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதை லூர்து பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த ஜெபமாலையை எடுத்தாள்.

"பிள்ளைக்காகக் கேக்கேன். உங்களுக்காக இல்ல," என்று சொல்லி முழங்கால் போட்டாள்.

ஐந்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. ஷைனி மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். சீட்டு எடுத்த அன்று அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

அந்த வாரமே சாமியாரிடம் போய் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அடுத்த ஞாயிறு அன்பியத்தில், மாதா சுரூபத்துக்கு முன்னால் எழுந்து நின்று எல்லோரிடமும் சொன்னேன். கை தட்டியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ரோஸ்லின் டீச்சர் மட்டும், இனிமேல் இரண்டு சீட்டையும் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் சுருட்ட வேண்டும் என்று சொன்னார். எங்கள் தெருவில் இப்போது அதுதான் வழக்கம். என்னால் வந்த சட்டம். லூர்து என்னோடு பேச இரண்டு வாரம் ஆனது.

ஷைனியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கூடவே போனேன். இந்தத் தடவை எனக்குத் தெரிந்த சரிபார்க்கிற வேலையைச் சரியான இடத்தில் செய்தேன். கண்ணாடிக் கதவைப் பார்த்து மயங்காமல் உள்ளே போய் ஒரு வகுப்பில் உட்காரலாமா என்று கேட்டேன். விட்டார்கள். யார் சொல்லிக் கொடுக்கிறார்கள், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டா, முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். முடித்தவர்கள் இரண்டு பேரோடு போனில் பேசினேன். மார்க் ஷீட்டின் அசலைப் பார்த்துவிட்டு எங்கள் கண் முன்னால் திருப்பிக் கொடுத்தார்கள். என் மனதில் இருந்த பூட்டு அங்கேதான் திறந்தது. அப்பா கேட்கும் கேள்வியைப் பார்த்து ஷைனிக்கு வெட்கம். ஆனால் என் கையை விடவில்லை.

இடம் கிடைத்தது. இப்போது சென்னையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது, போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயம் வந்தால் அவளிடமே சொல்லிவிடுகிறேன். பிறகு மூவரும் போனிலேயே ஜெபிக்கிறோம்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு படிப்பைச் சொல்லிக்கொண்டு நிற்கலாம். உங்களுக்கும் பயம் இருக்கலாம். பயத்தை ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். பதிலை மட்டும் நீங்களே எழுதிக்கொண்டு போகாதீர்கள். எனக்குக் கிடைத்த உதவி என் ஜெபத்தால் மட்டும் வந்தது என்றும் நான் நினைக்கவில்லை. என் பொய் தெரிந்தும் எனக்காக மூன்று நாள் ஜெபித்த ஒரு பிள்ளையை அவர் எனக்குக் கொடுத்திருந்தார். அவரை நம்புங்கள். நம்பி வாயைத் திறங்கள்.

போன வாரம் ஷைனி போன் செய்தாள். மூன்றாம் வருடத்துக்கு ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். உருவங்களை உருவாக்குவதா, அவற்றை நடமாட விடுவதா என்று இரண்டு இருக்கிறதாம்.

"எத எடுக்கட்டும்ப்பா? நீங்க சொல்லுங்க," என்றாள்.

எனக்கு அதில் ஒரு இழவும் புரியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் என்னிடம் கேட்டாள். நான் சொல்லாமல் இருந்திருந்தால் எதையும் கேட்டிருக்க மாட்டேன் என்று சொன்ன அதே பிள்ளை. என் சந்தோஷத்தை மறைக்க, "சீட்டுப் போட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் பக்கத்தில் நின்ற லூர்தும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.